எவர்சில்வர் வாணலியில் முட்டை

திருமணமான புதிதில் வேங்கிக்காலில் குடியிருந்தோம். நான்ஸ்டிக் தவாவின் கறுப்புப் பூச்சு உரிந்துபோனதால், கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் வாணலியை அடுப்பில் வைத்ததுமே ஆம்லெட் ஊற்றினேன். அடியோடு ஒட்டிக்கொண்டது. தேய்த்துக் கழுவி மறுபடி அடுப்பில் வைத்தேன். நன்றாகக் காய்ந்த வாணலியில் என் ஈரக்கையிலிருந்து சொட்டிய தண்ணீர், ஆவியாகாமல் பாதரசம் போல உருண்டோடியது.

"இங்க வந்து பாருங்களேன்!" என்று கணவரைக் கூப்பிட்டேன்.

"இன்னொரு சொட்டு விடு" என்றார். அதுவும் ஓடியது.

தீயைக் குறைத்து, எண்ணெய் விட்டுச் சுழற்றி, முட்டையை ஊற்றினேன். வெந்ததும் தானாகவே நழுவி வந்தது.

"வாணலி நல்லா காயலேன்னாத்தான் ஒட்டுது போல" என்றேன்.

அவர் நம்பவில்லை. "ஆறவெச்சு இன்னொண்ணு போடு, பாக்கலாம்."

போட்டேன். ஒட்டியது. இருவரும் சிரித்துக்கொண்டே சுரண்டித் தின்றோம்.