க்ளட்சில் காற்று எடுத்த பிற்பகல்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். என்னிடம் நாட்குறிப்பு இருக்கிறது. அதில் நேரம் இருக்கிறது, சுற்று எண் இருக்கிறது, பிரேக் ஆயில் சிந்திய கறைகூட இருக்கிறது. நான் எதையும் எழுதி வைப்பவள். எழுதி வைத்ததையும் நாலு தடவை சரிபார்ப்பவள். அப்படியும் இந்த ஒன்றை மட்டும் என்னால் சரிபார்க்க முடியவில்லை.

இன்னொன்று. இது இருட்டில் நடக்கவில்லை. சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. வெளியே கண் கூசும் வெயில்.

பகலில் நான் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். மாலையில் மோட்டார் மெக்கானிக் வகுப்பு. அதில் சேர்ந்ததற்குக் காரணம் அண்ணனின் கார். பழைய வண்டி, கையால் கியர் போடுவது. வாரம் முழுக்கத் தெருவில் ஓட்டும் அதே வண்டியைத்தான் அவன் டிராக் ரேஸுக்கும் கொண்டுபோவான். நேர் பாதை, நானூற்று இரண்டு மீட்டர், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டிகள். அவ்வளவுதான் பந்தயம். நாங்கள் பின் சீட்டைக் கழற்றினோம். ஸ்டெப்னியை இறக்கினோம். சைலன்சரை மாற்றினோம். முன்பக்கம் அகலமான டயர் போட்டோம். இரண்டு வருடத்தில் பதினேழு வினாடி, பதினைந்தேகாலாகக் குறைந்தது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

பதினைந்துக்குக் கீழே ஒரே ஒரு தடவை. அண்ணனுக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் நாள் இல்லை. அவன் கண் போய்க்கொண்டிருந்தது. ஓரப் பார்வையில் தொடங்கி உள்நோக்கிச் சுருங்கும் நோய். மருந்து கிடையாது. வெள்ளிக்கிழமை கண் பரிசோதனை. அதில் தேற மாட்டான் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். தேறாவிட்டால் லைசென்ஸை ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் வரும் ஞாயிறுதான் அவனுக்குக் கடைசிப் பந்தயம்.

"நேரா மட்டும்தான் தெரியுதுடி. நல்லவேளை, நேரா ஓட்டுற பந்தயம்" என்பான்.

சொல்லிவிட்டுச் சிரிப்பான். 

பழைய க்ளட்ச் புறப்படும்போது வழுக்கியது. இஞ்சின் அலறும், வண்டி மெதுவாக நகரும். அங்கேதான் அந்தக் கால் வினாடி போகிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னவள் நான். பலமான புது க்ளட்ச் வாங்கினோம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் வாடகை ஷெட்டில் கியர்பாக்ஸை இறக்கினோம். மாற்றி, 2.30க்குத் திரும்ப ஏற்றிவிட்டோம். பாக்கி இருந்தது ஒரே வேலை. காற்று எடுப்பது.

அந்த வண்டியில் க்ளட்ச் பிரேக் ஆயிலால் இயங்குவது. குழாயில் காற்று புகுந்தால் பெடல் பஞ்சுபோல ஆகிவிடும். அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் வண்டிக்கு அடியில் படுத்து, நிப்பிள் எனும் சின்னத் திருகைத் திறந்து, காற்றை வெளியேற்றி, மூட வேண்டும். மூடுவதற்குள் மேலே இருப்பவர் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். அதனால் ஒரு விதி. கீழே இருப்பவர் 'விடு' என்று சொல்லும்வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. என்ன ஆனாலும்.

2.58. முதல் சுற்று.

"அமுக்கு."

"ஆச்சு."

"விடு."

"விட்டாச்சு, நோட்டம்மா."

எப்போதும் நோட்டும் கையுமாக இருப்பதால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் அது. ஆறாவது சுற்றில் நான் சொல்லும் முன்பே காலை எடுத்துவிட்டான். குழாயில் குமிழ்கள் ஓடின.

"எருமை! நான் சொல்ற வரைக்கும் எடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"கால் மரத்துப்போச்சுடி. நீ அங்க படுத்துக்கிட்டு பரீட்சையா எழுதுற?"

"ஆமா, உனக்குத்தான் முட்டை போட்டிருக்கேன். அமுக்கு."

பத்தாவது சுற்று முடிந்தபோது 3.12. பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. காதே கேட்கவில்லை. நான் இன்னும் உரக்கக் கத்தினேன்.

"அமுக்கு!"

பதில் இல்லை. ஆனால் பெடல் இறங்கியது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், பெடலை அமுக்கினால் கியர்பாக்ஸின் பக்கத்தில் விரல் நீள இரும்புத் தண்டு ஒன்று வெளியே தள்ளும். கீழே இருந்து எனக்குத் தெரிவது அது மட்டும்தான். தண்டு தள்ளியது. நிப்பிளைத் திறந்தேன். மூடினேன். "விடு" என்றேன். தண்டு உள்ளே போனது. சத்தத்தில் அவன் பதில் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சுற்று பதினொன்று, 3.15.

பன்னிரண்டு. பதிமூன்று.

ஒரு மாற்றம் இருந்தது. நோட்டில் எழுதியும் இருக்கிறேன்: 'இப்போது நன்றாக அமுக்குகிறான்.' அண்ணன் அமுக்குவது உதைப்பதுபோல இருக்கும். இது அப்படி இல்லை. மெல்ல... ஒரே சீராக... அடிவரைக்கும்.

பழகிய கால்.

பதினாலாவது சுற்று, 3.22. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே தண்டு தள்ளியது.

பரவாயில்லை, கற்றுக்கொண்டான் என்று நினைத்தேன்.

பதினைந்து. 3.26. ஸ்பேனர் கை நழுவி மார்பில் விழுந்து உருண்டுபோனது. தேடினேன். அந்த நேரம் பார்த்து இயந்திரச் சத்தம் நின்றது. ஷெட்டில் ஒரே அமைதி. தண்டு தள்ளியபடியே இருந்தது. பிறகு லேசாக நடுங்கியது. நெடுநேரம் ஊன்றிய கால் நடுங்குமே, அப்படி.

மேலே இருந்து ஒரு குரல். மிகவும் மெல்ல.

"விடவா?"

"இரு! நான் சொல்ற வரைக்கும் விடாதே!"

நடுக்கம் நின்றது.

ஸ்பேனர் கிடைத்தது. நிப்பிளில் வைத்தேன்.

கர்ர்ர்ர்...

ஷட்டர் ஏறும் சத்தம். 3.31. தலையைத் திருப்பினேன். வெயில் தரையில் விழுந்தது. அதன் நடுவே இரண்டு கால்கள். தெரிந்த செருப்பு.

"என்னடி... தனியாவா பேசிட்டிருக்க?"

அண்ணன். வெளியே இருந்து.

நான் தண்டைப் பார்த்தேன்.

தள்ளியபடியே இருந்தது.

"அண்ணே... நீ எப்போ வெளியே போன?"

"கண் கிளினிக்ல இருந்து போன். பத்தாவது சுத்து முடிஞ்சதுமே, அந்தச் சத்தத்துக்காக ஷட்டரை இறக்கிட்டு வெளியே போயிட்டேனே. ஏன்?"

தண்டு அசையவில்லை.

எனக்கு மேலே, தகரத்துக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் உயரத்தில்...

நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. முழங்கை தோல் உரிந்திருந்தது.

சீட்டில் யாரும் இல்லை.

பெடல் மட்டும் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

அண்ணன் குனிந்து கையால் இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். படக்கென்று மேலே வந்தது.

"க்ளட்ச் சிலிண்டர் உள்ளே ஒட்டியிருக்கு" என்றான். ஏறி உட்கார்ந்து இருபது தடவை அமுக்கிப் பார்த்தான். ஒழுங்காக வேலை செய்தது. கல் மாதிரி இருந்தது பெடல். ஒரு குமிழ் காற்றுகூட இல்லை.

நாளைக்குப் போக வேண்டாம் என்று கெஞ்சினேன். காரணம் கேட்டான். சொன்னேன். அவன் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் ஆயுசுக்கும் நான் பக்கத்து சீட்டுதான்டி. ஒரு ஓட்டம். ஒண்ணே ஒண்ணு. அதையும் கெடுக்காதே."

விடியற்காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வேலை பார்த்திருந்தேன். சத்தத்தில் ஏதோ கேட்டிருக்கும். வகுப்பில் பாதிப் பாடம்தான் முடித்தவள். எனக்கே என்மேல் சந்தேகம். சரி என்றேன்.

ஞாயிறு காலை. கைவிடப்பட்ட விமான ஓடுபாதை. அங்கே ஓட்டிப் போகும் வழியெல்லாம் க்ளட்ச் ஒழுங்காகவே இருந்தது. வழியில் எங்கேயும் பெடலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டி வரவில்லை.

புறப்படும் கோட்டில் காத்திருக்க வேண்டும்.

ஒருவருக்கு மூன்று ஓட்டம். முதல் ஓட்டம், 10.42. அண்ணன் பெடலை அமுக்கி, கியர் போட்டு, இஞ்சினை ஏற்றிப் பிடித்தான். விளக்கு மஞ்சள்... மஞ்சள்... பச்சை.

பக்கத்து வண்டி பாய்ந்தது. எங்கள் வண்டி அலறியது. நகரவில்லை.

பத்து வினாடி. கூட்டம் சிரித்தது. கொடிக்காரர் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னார். இஞ்சினை அணைத்த பிறகுதான், தரையோடு ஒட்டிக் கிடந்த பெடல் தானாக மேலே வந்தது.

இரண்டாவது, 12.10. அதேதான்.

நான் ஆயிலைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன், சிலிண்டரைப் பிரித்துப் பார்த்தேன். எதிலும் குறை இல்லை.  அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். உள்ளே அழுதிருப்பான் என்று நினைக்கிறேன்.

"மூணாவதும் நின்னா பாதையை விட்டு வெளியேத்திடுவேன் தம்பி" என்றார் கொடிக்காரர்.

2.25. கடைசி ஓட்டம்.

நான் கயிற்றைத் தாண்டிக் கோட்டுக்கு அருகில் போனேன். யாரோ கத்தினார்கள். திரும்பவில்லை.

மஞ்சள்.

மஞ்சள்.

பச்சை.

அலறல். புகை. நகரவில்லை.

ஒரு வினாடி.

இரண்டு.

முந்தைய நாள் வண்டிக்கு அடியில் நான் சொல்லாமல் ஓடிவந்தது என்னவென்று அப்போது எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. பயமாக இருந்தது. தொண்டை கிழியக் கத்தினேன்.

"விடு!"

வண்டி பாய்ந்தது.

அந்த இரைச்சலில், ஹெல்மெட்டுக்குள் இருந்தவனுக்கு என் குரல் கேட்டிருக்க வழியே இல்லை. போட்டியில் தோற்றோம். ஆனால் கடிகாரம் சக்கரம் நகர்ந்த நொடியிலிருந்துதான் எண்ணும். ஓடிய நேரத்தை ஒரு துண்டுச்சீட்டில் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

14.71.

அண்ணன் அந்தச் சீட்டை முகத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தான். வெள்ளிக்கிழமை லைசென்ஸைக் கொடுத்துவிட்டு வந்தான். ஒரு வார்த்தை புலம்பவில்லை.

எனக்குத்தான் தூக்கம் போனது. பதினோரு நாள் கழித்து, வண்டியை எங்களுக்கு விற்ற தரகரைப் போனில் பிடித்தேன். இதற்கு முன் யாருடையது என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப?"

"சொல்லுங்க."

"ரேஸ் பைத்தியம் அந்தாளு. வண்டிக்கு அடியில படுத்து வேலை பாத்துட்டிருந்தப்பவே போயிட்டாரு. நெஞ்சடைப்பு. சத்தமே இல்லையாம்."

"மேல... சீட்டுல யாரு இருந்தாங்க?"



"சம்சாரம். எப்பவும் அவங்கதான் பெடல் அமுக்குவாங்க. அவர் சொல்றதுக்கு முன்னாடி காலை எடுத்தா மனுஷன் கத்துவாராம். அதுக்குப் பயந்துக்கிட்டு அந்தம்மா அப்படியே உட்கார்ந்திருக்கு. மூணு மணிக்கு உட்கார்ந்தது. ஆளுங்க வந்து பாக்குறப்ப மணி ஏழு. காலைப் பெடல்ல இருந்து எடுக்கவே ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சாம்."

"அவங்க இப்போ எங்க?"

"அவங்களும் இல்லம்மா. மூணே மாசம்."

இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவனுக்கு மிச்சம் இருந்தது அந்தச் சீட்டு ஒன்றுதான். சட்டைப்பையிலேயே வைத்திருந்தான்.

எட்டு மாதம் ஆயிற்று. இப்போது அவனுக்கு ஒரு நாணய அளவுக்குத்தான் வெளிச்சம் தெரிகிறது. போன வாரம், மாலை 6.40, வீட்டு வாசல்படியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவன் சீட்டை எடுத்து என் கையில் வைத்தான்.

"நீயே வச்சுக்கோ. இது என் டைம் இல்லைடி."

"என்னண்ணே பேசுற?"

"அன்னிக்குச் சொல்லியிருந்தா, கண்ணோட சேர்ந்து புத்தியும் போச்சுன்னு எல்லாரும் சொல்லியிருப்பாங்க. அதான் சொல்லல."

நான் சீட்டை மடியில் வைத்து நீவினேன்.

"மூணு ஓட்டத்துலயும் நான் காலைத் தூக்கிட்டேன். பெடல்தான் வரல. கடைசி ஓட்டத்துல, வண்டி கிளம்பின பிறகு நான் க்ளட்சை மிதிக்கவே இல்லை. கியரை மட்டும்தான் மாத்தினேன். ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும், ஒவ்வொரு தடவையும் பெடல் எனக்கு முன்னாடியே இறங்குச்சு. நான் சும்மா காலை மேல வச்சிருந்தேன்."

"பெடல் மேலயா?"

"இல்லைடி."

அவன் தன் இடது காலைத் தடவிக்கொண்டான்.

"என் காலுக்கும் பெடலுக்கும் நடுவுல இன்னொரு கால் இருந்துச்சு. செருப்பு இல்லாத கால். சின்னதா... பொம்பளைக் கால் மாதிரி."