நான் திறக்கும் முன்பே திறந்திருந்த செய்தி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். பத்தாவது வரை படித்தவன். கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல ஓசூரில் தெருவுக்கு நாலு பேர் என்னைவிட விவரமாக இருக்கிறார்கள். நாலு பேர் நடுவில் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசி முடிக்க வராதவன் நான். அப்படிப்பட்டவன் எழுத்தில் வந்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெயர் எதையும் எழுதவில்லை. ஏன் என்று படிக்கும்போது தெரியும்.

வண்டிகளுக்குப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக, கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மிஷின், சிஎன்சி லேத் ஓட்டுகிறேன். மிஷின் ஓடும் கூடத்தை ஷாப் என்போம். அங்கே போன் எடுத்துப் போகக் கூடாது. கேட்டில் ஆளுக்கொரு துணிப்பை, பைக்கு ஒரு நம்பர். போனைப் போட்டுவிட்டு உள்ளே போனால் ஷிப்ட் முடிந்துதான் கையில் வரும். ஏ ஷிப்ட் என்றால் மதியம் இரண்டு மணிக்கு. கேட்டுக்கு வெளியே டீக்கடை. பஸ் எடுக்க இருபது நிமிஷம் இருக்கும். அந்த இருபது நிமிஷம்தான் என் சொந்த நேரம்.

அந்த நேரத்தில் நான் என் மகளுக்கு எழுதுவேன்.

மகள் டிப்ளமோ முடித்து ஓசூரிலேயே ஒரு கம்பெனி ஆபீசில் வேலைக்குப் போனாள். அங்கே கூட வேலை செய்த பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. என் மனைவி அன்றைக்குப் பிறகு அவள் பெயரை வீட்டில் சொல்லவில்லை. மனைவியின் அண்ணன், என் மச்சான், கல்லாவிப் பக்கம் போர்வெல் வண்டி வைத்திருப்பவர். அவர் இரண்டு காரில் ஆள் ஏற்றிக்கொண்டு ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று நாலு நாள் தேடினார். கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். தெரியாது என்றும் சொல்ல மாட்டேன். அந்த நாலு நாளும் நான் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. என் சுபாவம் அது.

ஆறு மாதம் கழித்து ஒரு மதியம் புது நம்பரிலிருந்து அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, கூப்பிட்டுப் பேசினா அம்மா போன்ல பாத்துடும். ஒரு ஆப் சொல்றேன், அதுல வேற பேர்ல கணக்கு ஆரம்பிங்க. எழுதலாம், படம் அனுப்பலாம். முடிஞ்சதும் வெளிய வந்துடுங்க. பாஸ்வேர்டு மட்டும் யாருக்கும் தெரியாததா வைங்கப்பா."

என் போனை மனைவிதான் சாயங்காலம் முழுக்க வைத்திருப்பாள். அதனால் ஆப்பைப் போனில் வைக்காமல், ஒவ்வொரு முறையும் பிரௌசரில் போய் என் போன் நம்பரும் பாஸ்வேர்டும் போட்டுத் திறப்பேன். எழுதுவேன். வெளியே வருவேன். தினமும் அடிக்க வேண்டிய பாஸ்வேர்டு என்பதால் மறக்காத ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு மறக்காத பாஸ்வேர்டு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

எங்கள் லேத்துக்கு ஒரு பாஸ்வேர்டு உண்டு. அலாரம் வந்து மிஷின் நின்றால் அதைப் போட்டால்தான் திரும்ப ஓடும். மூன்று ஷிப்டுக்கும் அதே. யாரோ ஒரு காலத்தில் மார்க்கரில் பேனலிலேயே எழுதிவிட்டார்கள். ஆடிட் வரும் நாளில் அதன்மேல் 'பாதுகாப்பே முதன்மை' ஸ்டிக்கரை ஒட்டுவோம், ஆடிட்டர் போனதும் உரித்துவிடுவோம். அதில் எழுத்தும் இருந்தது, எண்ணும் இருந்தது. ஆப் எது கேட்டதோ அது எல்லாம் இருந்தது. நாள் ஒன்றுக்கு ஏழெட்டு முறை அடித்து அடித்து விரலுக்கே தெரிந்திருந்தது. அதையே வைத்துவிட்டேன். என் நம்பர் ஷாப்பில் எல்லாரிடமும் இருக்கிறது, பாஸ்வேர்டு மிஷின் மேல் இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

ஒன்றரை வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லை. அவள் சமைத்தது, பேருந்தில் நின்றது, தலைவலி வந்தது எல்லாம் எழுதுவாள். நான் "சரிம்மா" என்று எழுதுவேன். அதற்குமேல் எழுத வராது.

போன மாதம் புது வாடகை வீட்டுக்குப் போனார்கள். பால் காய்ச்சிய படமும், வாசலில் இருவரும் நிற்கும் படமும் அனுப்பியிருந்தாள். ஆப்பில் நான் படிக்காத செய்தி தடித்த எழுத்தில் இருக்கும், திறந்ததும் சாதாரண எழுத்தாகிவிடும். அன்றைக்கு நான் பிரௌசரில் போனபோது அது முன்னாலேயே சாதாரண எழுத்தில் இருந்தது. பேட்டரி தகராறு, நெட் தகராறு என்று என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர்கள் தலைக்குமேல் தெருவின் பெயர்ப்பலகை இருந்தது. வார்டு நம்பரோடு.

எங்கள் ஷாப்பில் எட்டுப் பேர் என் மச்சான் சொல்லி கான்ட்ராக்டில் சேர்ந்தவர்கள்.

பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருந்தார்கள். வேலை செய்யும்போது ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். என்னைப் பார்த்துச் சிரித்தாலும் பயம், சிரிக்காவிட்டாலும் பயம். வீட்டுக்குப் போனால் மனைவி போனில் அண்ணனோடு பேசிக்கொண்டிருப்பாள். தக்காளி விலை பேசுகிறார்களா வேறு ஏதாவதா என்று சமையலறை வாசலில் நின்று கேட்பேன்.

அப்போதுதான் நோட்டீஸ் போர்டில் போட்டார்கள். பெங்களூரிலிருந்து சைபர் பாதுகாப்பு நிபுணர் ஒருவர் வருகிறார், ஏ ஷிப்ட் முடிந்ததும் கேன்டீன் ஹாலில் தொழிலாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். கேட்கக் கூச்சப்படுபவர்கள் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். கடைசி வரி எனக்காகவே எழுதியதுபோல இருந்தது. இடது கையால் எழுதிப் போட்டேன்.

வந்தவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். தமிழ் பேசினார், நடுநடுவே கன்னடம் வந்தது. மைக்கைப் பிடித்ததும் சொன்னார், "தப்பான கேள்வின்னு எதுவும் இல்ல சார், கேளுங்க."

நைட் ஷிப்டில் என் மிஷினையே ஓட்டுபவர், வாயாடி, தூக்கத்தை விட்டுவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் முதலில் எழுந்தார்.

"மேடம், நான் போன்ல என்னா பாக்கறேன்னு எம் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"உங்க லாக் அவங்களுக்குத் தெரியுமா சார்?"

"அவதான் மேடம் வச்சிக் குடுத்தா!"

ஹாலே சிரித்தது. "அப்போ ஹேக்கர் உங்க வீட்லயே இருக்காங்க" என்றார் அவர். மறுபடி சிரிப்பு.

பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் சார்ஜ் போட்டால் ஆபத்தா? போட்டதும் எல்லாம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் சொந்த சார்ஜரைச் சுவரில் உள்ள பிளக்கில் போடுவது நல்லது. பழைய போனை விற்றால் அழித்த போட்டோ திரும்பி வருமா? ஒவ்வொன்றாக அழித்தால் போதாது, முழுசாக ரீசெட் செய்து கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டுக் கொடுங்கள். பேங்கிலிருந்து கூப்பிட்டு ஓடிபி கேட்டால்? பேங்க் கேட்காது, கேட்பவன் பேங்க் இல்லை. ஹேக்கர் எப்படி உள்ளே வருகிறான், பெரிய படிப்புப் படித்தவனா?

"நிறைய பேர் உடைச்சிட்டு உள்ள வர்றதே இல்ல சார். நாமளே கதவத் திறந்து வச்சிருக்கோம், நடந்து வர்றாங்க அஷ்டே, அவ்ளோதான்."

பின்னாலிருந்து ஒருவர் தெலுங்கில் ஏதோ கேட்டார், மேடம் தெலுங்கிலேயே பதில் சொன்னார். அதற்குக் கைதட்டினார்கள். பிறகு பெட்டியைத் திறந்து என் சீட்டை எடுத்தார்.

"நான் திறக்காத செய்தி முன்பே திறந்திருந்தது. யார் திறந்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?" வாசித்துவிட்டு ஹாலைப் பார்த்தார். "யார் எழுதினது?"

நான் தட்டு கழுவும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பரவாயில்ல. உங்க பாஸ்வேர்டு வேற யாருக்காவது தெரிஞ்சிருக்கும். எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"எங்க ஷாப்ல மிஷின் மேலயே எழுதி வச்சிருக்கோம் மேடம்!" என்று நைட் ஷிப்ட்காரர் கத்தினார்.

மேடம் சிரிக்கவில்லை. "மிஷின் பாஸ்வேர்டையே சொந்தப் போனுக்கும் வச்சிருக்கிறவங்க எத்தன பேர்? கை தூக்குங்க."

முதலில் யாரும் தூக்கவில்லை. பிறகு ஒன்று, இரண்டு என்று பாதி ஹால் தூக்கிவிட்டது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, "ஏய் நீயுமாடா?" "உன்னுதுதான்டா என்னுதும்" என்று ஒரே ஆரவாரம். நானும் தூக்கினேன். அந்தக் கூட்டத்தில் அது யாருக்கும் தெரியாது.

"அப்போ ரஷ்யா, சைனான்னு தேட வேண்டாம்" என்றார் அவர். "இந்த ஹால்லயே இருப்பாங்க."

எல்லாரும் பக்கத்தில் இருப்பவனை விரலால் காட்டி விளையாடினார்கள். என்னையும் ஒருவன் காட்டினான். மச்சான் சொல்லிச் சேர்ந்தவன்தான். வேண்டுமென்றே காட்டினானா, நான் பக்கத்தில் இருந்ததால் காட்டினானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு அந்த மேடம் காருக்காகக் கேட் அருகே நின்றிருந்தார். கேட்டில் போனை வாங்கிக்கொண்டு அவர் பக்கமாக இரண்டு தடவை நடந்தேன். மூன்றாவது தடவை அவரே கூப்பிட்டார்.

"சீட்டு நீங்கதானா சார்?"

தலையாட்டினேன். கணக்கைத் திறந்து போனைக் கொடுத்தேன். கணக்கின் உள்ளே எங்கெங்கோ போய் ஒரு பட்டியலைக் காட்டினார். என் கணக்கு எந்தெந்தப் போனில் திறந்திருக்கிறது என்ற பட்டியல் அது. இரண்டு போன் இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்றில் ஒரு மாடல் பெயர், ஓசூர், கடைசியாகத் திறந்தது முந்தின நாள் மதியம் 2.10.

"இது உங்களுது இல்லையே?"

"இல்லீங்க."

அவர் அதை அங்கேயே வெளியேற்றினார். புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வைத்தேன்.

"இது யாருன்னு பாத்துச் சொல்ல முடியுங்களா?"

"மாடல் மட்டும்தான் சார் தெரியும். ஆள் தெரியாது. போலீஸ் கேட்டா அந்த ஆப் கம்பெனி விவரம் குடுக்கும். சைபர் கிரைம்ல கம்ப்ளெயின்ட் குடுங்க."

அந்த மாடல் தீபாவளி எக்ஸ்சேஞ்ச் சலுகையில் ஷாப்பில் பாதிப் பேர் வாங்கியது. 2.10 என்றால் ஏ ஷிப்ட் வெளியே வரும் நேரம். நானும் அப்போது அதே டீக்கடையில்தான் நின்றிருப்பேன். கம்ப்ளெயின்ட் கொடுக்க என் பெயர், முகவரி எழுத வேண்டும். என்ன செய்தி, யார் அனுப்பியது என்று கேட்பார்கள். வீட்டுக்குப் போலீஸ் வந்தால் அன்றைக்கே மச்சானுக்குத் தெரியும்.

"அதுல ஒரு படம் இருக்குதுங்க. எம் பொண்ணு வீடு. அவங்க பாத்ததத் திரும்ப எடுத்துட முடியுங்களா?"

அவர் கதை கேட்கவில்லை. புரிந்திருக்கும்.

"படத்த அழிக்கலாம் சார். பாத்தத அழிக்க முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்களுக்கு உடனே சொல்லிடுங்க. இன்னைக்கே" என்றார்.

கார் வந்தது. கதவைச் சாத்தும்முன், "நீங்க பண்ணது பெரிய தப்பு இல்ல சார், எல்லாரும் பண்றதுதான்" என்றார். நல்ல மனசுக்காரர். எனக்குத்தான் அந்த வார்த்தையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பஸ் போய்விட்டிருந்தது. ராயக்கோட்டை ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்து, ஆள் இல்லாத ஒரு லாரி ஷெட் பக்கம் நின்று மகளின் நம்பரை மனப்பாடத்திலிருந்து அடித்தேன். கூப்பிடக் கூடாது என்று அவள் சொல்லி ஒன்றரை வருஷமானது. எடுத்ததும், "என்னாச்சுப்பா, அம்மாவுக்கு ஏதாவதா?" என்றாள்.

சொன்னேன். தடுமாறித் தடுமாறித்தான் சொன்னேன். மிஷின் பாஸ்வேர்டையும் சொன்னேன்.

"யாருப்பா பாத்தது?"

"தெரியலம்மா."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியலம்மா."

"எதாவது தெரியுமாப்பா உங்களுக்கு?"

கோபத்தில் கேட்கவில்லை. அழுதுகொண்டே கேட்டாள். நான் ரோட்டில் போகும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போன் கை மாறியது. ஒரு ஆண் குரல். இதுவரை நான் கேட்டிராத குரல்.

"மாமா, நான் பேசறேன்."

அப்படி என்னை அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "சொல்லுங்க" என்றேன்.

"நீங்க பயப்படாதீங்க மாமா. நாங்க வேற எடம் பாத்துக்கறோம். ஆனா எங்கன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டோம். தப்பா நெனச்சிக்காதீங்க. உங்களுக்குத் தெரியாம இருந்தா, யாரு கேட்டாலும் உங்களால சொல்ல முடியாதில்ல."

"சரிதாங்க" என்றேன்.

"இந்த நம்பரும் இருக்காது மாமா."

"சரிங்க."

அந்தக் கணக்கை மூடிவிடச் சொன்னார். எப்படி மூடுவது என்று பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். மூடுவதற்குமுன் அது என்னை இரண்டு தடவை கேட்டது, நிச்சயமாகவா என்று. அவர் மறுமுனையில் காத்திருந்தார். நான் இரண்டு தடவையும் ஆமாம் என்று அழுத்தினேன். ஒன்றரை வருஷமாக அவள் எழுதியது எல்லாம் அதில் இருந்தது.

"முடிஞ்சிதுங்களா மாமா?"

"முடிஞ்சிது."

மகளிடம் ஒரு தடவை கொடுக்கச் சொல்லிக் கேட்க நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "வச்சிடறேன் மாமா, சாமான் கட்டணும்" என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். ஏன் லேட் என்று மனைவி கேட்டாள். கம்பெனியில் மீட்டிங் என்றேன். என்ன மீட்டிங் என்று கேட்டாள். போனில் பாஸ்வேர்டு எப்படி வைப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள் என்றேன்.

மறுநாள் எனக்கு ஏ ஷிப்ட். இரண்டு மணிக்கு வெளியே வந்து அந்த நம்பரை அடித்துப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை என்று சொன்னது.