குளியலறை ஆல்பத்தின் ஒரே ஆதரவாளர்

லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்த்துக்கொள்ள நான் போனபோது அவர் வாயில் இரண்டு சொற்கள்தான் மிச்சம் இருந்தன. ஒன்று "இல்ல". மற்றது "போடா". பக்கவாதம் அவருடைய வலது கையையும் காலையும் பேச்சையும் வாரிக்கொண்டு போனபோது இந்த இரண்டையும் ஏனோ விட்டுவிட்டுப் போயிருந்தது. இது நடப்பதுதான். யோசித்துப் பேசும் பேச்சு போய்விடும், நாக்கில் ஊறிப்போனது நிற்கும். ஒருவருக்குச் சாமி பெயர் நிற்கும், இன்னொருவருக்குக் கெட்ட வார்த்தை நிற்கும். நான் பார்த்துக்கொண்ட ஒரு தலைமையாசிரியருக்கு "உட்கார்" மட்டும் நின்றது. டாக்டர் முதல் பால்காரர் வரை எல்லோரும் அந்த வீட்டில் உட்கார்ந்துவிட்டுத்தான் போனார்கள்.

முதல் நாள் மெக்கானிக்கை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்தபோது "போடா" என்றார். அவர் மனைவி பதறிவிட்டாள்.

"ஐயோ அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பெரியவங்கள மரியாதை இல்லாம பேசுற ஆளே கிடையாது இவரு."

"பரவால்லம்மா. இத்தனை வயசுக்கப்புறம் என்னை யாரு டா போட்டுக் கூப்பிடப் போறாங்க" என்றேன்.

அவருக்குப் புரிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவர் முன் ஆட்டி, "இது கத்தரிக்கோல்தானே?" என்று கேட்டேன். "இல்ல" என்றார். இந்தக் கிழவியையா நமக்குப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கிறார்கள் என்பது போல மனைவியைப் பார்த்தார். அது போதும். பேச்சுதான் போயிருக்கிறது, புத்தி அப்படியே இருக்கிறது.

அந்த அறையின் ஒரு சுவர் முழுக்க ஆல்பங்கள். எல்லாம் ஒரே குழு பாடியவை. முப்பது வருஷத்துக்கு மேல் பாடிக்கொண்டிருக்கிறார்களாம், இன்னும் நிறுத்தியபாடில்லை. "ஆல்டர்நேட்டிவ் ராக்" என்றாள் மனைவி, மருந்தின் பெயரைச் சொல்வது போல. ஒன்றைப் போட்டுக் காட்டினாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும்போது யாரோ விசும்பியழுவது போல இருந்தது. நான் அபிப்பிராயம் சொல்லவில்லை.

தொழில் பழகிய வயதில் ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், யாரோ விட்டுப்போன கேசட் ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கிறது. மோட்டார் இரைச்சலுக்கு மேலே கேட்கக்கூடிய பாட்டு அது ஒன்றுதான் என்பதால் அதையே போட்டுக்கொண்டு வேலை செய்தார். அப்படிப் பிடித்த பிடி. கல்யாணமான மறுவாரமே மனைவியை உட்காரவைத்து எல்லா ஆல்பத்தையும் வரிசையாகப் போட்டாராம். அவள் இரண்டாவதிலேயே தூங்கிவிட்டாள். "அதோட என்னை விட்டுட்டாரு" என்றாள்.

அவருக்குச் சரியான ஜோடி கண்ணாடிக் கடையில் கிடைத்தார். கண் சோதிக்கப் போன இடத்தில் அதே குழுவின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எது நல்ல ஆல்பம் என்ற பேச்சு தொடங்கியது. மெக்கானிக் எழுத்துகளைப் படிப்பதை விட்டுவிட்டுக் கத்த, கடைக்காரர் லென்ஸ் மாற்றுவதை விட்டுவிட்டுக் கத்த, கடைசியில் தவறான பவரில் கண்ணாடி தயாரானது. மெக்கானிக் அதைத் தலைவலியோடு பல நாள் போட்டுக்கொண்டு திரிந்தார். மாற்றப் போனால், தோற்று வந்ததாகக் கடைக்காரன் நினைத்துவிடுவானாம். பிறகு கடைக்காரரே வீடு தேடி வந்து, கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு, வாசலிலேயே சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவருக்கு "எதிர்க்கட்சி" என்று பெயர்.

ஞாயிறு சாயங்காலம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான்கைந்து பேர் கூடுவார்கள். கண் சோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மட்டுமே பேசலாம் என்று ஒரு சட்டம். அதை யாரும் மதித்ததில்லை. இன்னொரு சட்டத்தை எல்லோரும் மதித்தார்கள். "அவங்கவங்க ரசனை" என்று சொல்லக் கூடாது. சொன்னால் அன்று முழுக்க வாயைத் திறக்கக் கூடாது. அது சண்டையிலிருந்து நழுவுகிறவன் பேசும் பேச்சு என்பது அவர்கள் கணக்கு.

எதிர்க்கட்சிக்குப் பிடித்தது மூன்றாவது ஆல்பம். அட்டையில் குதிரைப் படம் இருக்கும், குதிரை ஆல்பம் என்பார்கள். ரசிகர்களில் பாதிப் பேர் அவர் பக்கம். பேங்க் கேஷியர் ஒரு பெண் வருவாள். அவளுக்கு முதல் இரண்டு ஆல்பத்தைத் தவிர மற்றதெல்லாம் "பென்ஷன் வாங்குறதுக்காகப் பாடினது". நம் மெக்கானிக்குக்கோ ஏழாவது. கிதார் வாசித்தவன் பாதியில் கோபித்துக்கொண்டு போய்விட, மீதிப் பேர் எதிரொலி அடிக்கும் ஒரு வாடகை ஹாலில் பதிவு செய்தது. ரசிகர்கள் அதைக் குளியலறை ஆல்பம் என்று கேலி செய்வார்கள். அந்தக் குழுவே அதன் பாட்டுகளை மேடையில் பாடுவதில்லை. பெற்றவனே கைவிட்ட பிள்ளையை இவர் தூக்கி வளர்த்தார்.

"மத்ததெல்லாம் மேல போற லிஃப்ட்டு. இது நடுவுல நின்னுபோன லிஃப்ட்டு. உள்ள மாட்டிக்கிட்டவன்தான்டா உண்மையைப் பேசுவான்" என்பாராம்.

"உள்ள மாட்டிக்கிட்டவன் காப்பாத்துங்கன்னு கத்துவான். அதான் கேக்குது" என்பாராம் எதிர்க்கட்சி.

இருபது வருஷமாக இந்த ஒரே சண்டை. மெக்கானிக்குக்கு ஆதரவாக ஒரு ஓட்டுகூட விழுந்ததில்லை. அவரைக் கூட்டிப்போக மனைவி சில சமயம் கடைக்குப் போவாள். முகமெல்லாம் சிவந்து, பசி தெரியாமல் உட்கார்ந்திருப்பாராம். "பொண்ணு பார்க்க வந்த அன்னிக்குக்கூட அவ்வளவு சந்தோஷமா இல்ல அக்கா."

இப்படிப்பட்ட மனிதர் கட்டிலில் கிடந்து ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. மற்ற நாள்களில் கைப்பயிற்சி செய்ய அழைத்தால் ஆயிரம் "போடா". ஞாயிறு வந்தால் தானே இடது கையால் போர்வையைத் தள்ளிவிட்டு, உட்காரவை என்று கண்ணைக் காட்டுவார். வாசலைப் பார்த்தபடி இருப்பார். அவருக்கு அனுதாபம் தேவைப்படவில்லை. சண்டை தேவைப்பட்டது. பேச முடியாவிட்டால் என்ன, "இல்ல" இருக்கிறது, "போடா" இருக்கிறது. இருபது வருஷமாக அவர் சண்டையில் பாதி அந்த இரண்டு சொற்கள்தானே.

மனைவி அங்கேதான் தப்பு செய்தாள். பயத்தில் செய்தாள். ரத்த அழுத்தம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, "அவர் என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லிடுங்க, உங்க கால்ல விழறேன்" என்று கேட்டுக்கொண்டாள்.

முதலில் கேஷியர் வந்தாள். "அண்ணா, திரும்பக் கேட்டுப் பார்த்தேன். ஏழாவது நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இல்ல" என்றார். "நிஜமாத்தான் அண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு எதிர்க்கட்சியே வந்தார். அவர் காலடிச் சத்தம் கேட்டதுமே மெக்கானிக் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். நான் முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைக்குட்டையால் தன் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மெக்கானிக் இடது கையைத் தூக்கி, சுவரில் இருந்த ஏழாவது ஆல்பத்தைக் காட்டினார். வா, ஆரம்பி என்று அர்த்தம்.

"ஆமாடா" என்றார் கடைக்காரர். "யோசிச்சுப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. அதுதான் பெஸ்ட்டு."

"இல்ல."

"இல்லடா, நிஜமாத்தான். குதிரையெல்லாம் அப்புறம்தான்."

"இல்ல. இல்ல."

"சரி விடு. அவங்கவங்க ரசனைதானே."

மெக்கானிக் அவரையே பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போடா" என்றார். அதுவரை எத்தனையோ முறை கேட்ட சொல்தான், இந்த முறை சத்தமே இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று சாப்பிடவில்லை. மறுநாள் கைப்பயிற்சிக்கு எதிர்ப்பே சொல்லவில்லை. கையை எங்கே வைத்தேனோ அங்கேயே கிடந்தது.

சமையலறையில் மனைவியிடம் நேராகச் சொன்னேன். "நீ இப்படிப் பண்ணினா அவர் சீக்கிரம் போயிடுவார்."

"பிபி ஏறிடுமே அக்கா."

"ஏறினா மாத்திரை இருக்கு. எல்லாரும் ஆமா போட்டா அவர் என்ன நினைப்பார்? நான் செத்துட்டேன், இவங்க துக்கம் விசாரிக்க வந்திருக்காங்கன்னு நினைப்பார். செத்தவன் கூடத்தான் யாரும் சண்டை போட மாட்டாங்க."

அவள் அழுதாள். அழட்டும் என்று நான் காய் நறுக்கினேன். அழுது முடித்ததும் எழுந்து அறைக்குப் போய், ஏழாவது ஆல்பத்தைத் தேடி எடுத்துப் போட்டாள். ஒரு பாட்டு முழுக்க இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"என்னங்க கண்றாவி இது? பாத்திரத்த மாடிப்படில உருட்டி விட்ட மாதிரி இருக்கு. இதுக்கா இருபது வருஷம் தொண்டை கிழியக் கத்தினீங்க?"

அவர் மெதுவாகத் திரும்பினார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போயிற்று.

"போடா" என்றார்.

"போடீன்னாவது சொல்லுங்க, நான் உங்க பொண்டாட்டி."

"போடா!"

அந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். உடனே கடைக்காரருக்குப் போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை வாங்க. வந்து நல்லாத் திட்டுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."  "தங்கச்சி, நானே கேக்கணும்னு இருந்தேன்" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே பக்கவாதம் இரண்டாவது முறை வந்துவிட்டது. காலையில் உடம்பு துடைக்கும்போது என் கையிலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு வழியாக வீட்டுக்குத் திரும்பி வந்தபோது மூச்சு இருந்தது, விழுங்க முடிந்தது. கண்ணாடியைக் காட்டி "இது கத்தரிக்கோல்தானே" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு ஆமாம் என்று தலையை ஆட்டினார். "இது சீப்புதானே?" அதற்கும் ஆட்டினார். மனைவி பக்கத்தில் நின்றாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

கடைக்காரரிடம் இதைப் போனில் சொன்னேன். அவர் நம்பவில்லை. கேஷியரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் வராததுமாகக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"டேய், குதிரைதான்டா பெஸ்ட்டு. அன்னிக்கு நான் சொன்னது பொய். உன் குளியலறை குப்பை."

மெக்கானிக் சிரித்தபடி தலையாட்டினார்.

"குப்பைன்னு சொல்றேன், காதுல விழுதா? டிரம்ஸ் வாசிச்சவன் தூங்கிக்கிட்டே வாசிச்சான்."

தலையாட்டினார்.

"ஆட்டாதடா! என்ன ஆட்டற? இல்லன்னு சொல்லு. ஒரே ஒரு தடவை சொல்லு."

அதற்கும் ஆட்டினார். கேஷியர் கடைக்காரரின் தோளைத் தொட்டு, "போதும் அண்ணா" என்றாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். குரல் இறங்கிவிட்டது.

"நாலாவது பாட்டைச் சொல்வ. கிதார் வர வேண்டிய இடத்தை அப்படியே காலியா விட்டிருக்கானுங்களே, அதைச் சொல்வ. போனவன் திரும்பி வருவான்னு இடம் போட்டு வச்சிருக்காங்கன்னு சொல்வ. எனக்குத் தெரியாதா? நல்ல பாட்டுடா அது. முதல் நாளே தெரியும். அதை எப்படி உன்கிட்டச் சொல்றது? சொன்னா நீ கிளம்பிப் போயிடுவியே, அப்புறம் ஞாயித்துக்கிழமை நான் யார்கூடப் பேசுறது?"

மெக்கானிக் அவரைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார். தெருவில் போகிற யாருக்கும் அதே போல ஆட்டியிருப்பார். கடைக்காரர் எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போய்விட்டார். கேஷியர் அவர் பின்னால் ஓடினாள்.

நான் கட்டிலின் தலைமாட்டை இறக்கி, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். மனைவி வாசற்படியில் நின்றாள்.

"அக்கா, இவருக்குப் புரிஞ்சப்ப கடைக்கார அண்ணன் கடைசியா இவர்கிட்டச் சொன்னது அந்தப் பொய்தானே. நீ சொன்னதுதான் சரின்னு. நான் சொல்லச் சொன்னது. அதை இவர் நம்பியிருப்பாரா?"

"நம்பல" என்றேன். கேட்டவர்களுக்கு இதமாக இருக்கட்டும் என்று மாற்றிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

"அப்ப, பொய்னு தெரிஞ்சுதான் இருந்திருக்கார்."

"தெரிஞ்சிருக்கும்."

அவள் சமையலறைக்குப் போய், அடுத்த வேளை மாத்திரையைக் கிண்ணத்தில் போட்டு இடிக்க ஆரம்பித்தாள். முழு மாத்திரையை இனி அவரால் விழுங்க முடியாது. சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாத்திரை எப்போதோ மாவாகியிருக்கும். நான் போய் நிறுத்தவில்லை.