புகை மட்டும் விட்ட எஞ்சின்

கொழுந்தனைக் கண்டாலே அண்ணிக்கு வாய் கோணும். சும்மா ஒன்றுமில்லை.

மர ஆலைக்கு வெட்டுமரம் இழுக்கப் போட்ட சின்ன ரயில் லைன் அது. இரண்டரை அடி அகலம். பெரிய லைன்காரர்கள் 'தீப்பெட்டி ரயில்' என்று நக்கலடிப்பார்கள். பிற்பாடு மலையடிவாரத்து ஊர்களெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதில்தான் போய்வந்தன. அண்ணியின் கணவர் அதில் டிரைவர். அவள் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவள். தார் ரோடு வந்ததும், இனி இந்த லைன் வெறும் தண்டம் என்று மேலிடத்தில் சொல்லி மூடவைத்தவன் கணவரின் சொந்தத் தம்பி. அப்போது ரயில்வே அதிகாரி. தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்புக்கு ஏற்றியபோது, வெயிலுக்குக் குடை பிடித்தபடி நின்று பார்த்தான்.

ஓய்வு பெற்றதும் அதே மகான் சின்ன லைன் பாதுகாப்புச் சங்கம் ஆரம்பித்துத் தலைவரானான். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற ஜாதி. மிச்சமிருந்த துண்டுப் பாதையில், துருப்பிடித்துக் கிடந்த எஞ்சினுக்குப் பச்சை பெயின்ட் அடித்தார்கள். திறப்பு விழாவுக்குக் கொழுந்தன் தானே டிரைவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணி, முதல் பெட்டியில நீங்கதான் உட்காரணும்."

"அது இருக்கட்டும். பாய்லர் பத்த வெச்ச மாதிரியே தெரியலையே?"

"அது ஒரே ஓட்டை அண்ணி. உள்ளே டீசல் மோட்டார் வெச்சிருக்கோம். புகைக்குத் தனியா ஒரு மிஷின். யாருக்குத் தெரியப்போகுது?"

"அடுப்பில்லாத வீட்ல புகையா? நல்லாயிருக்கு."

"விடேன், ஏதோ ஓடினாப் போதும்" என்றார் கணவர். தம்பி காலை வாரினாலும் முழங்காலைத் தடவிக்கொண்டு எழுந்திருக்கிற பிறவி. அந்தச் சாதுத்தனத்தின் மேலும் அண்ணிக்கு மதிப்புக் கிடையாது.

முதல் ஏற்றத்திலேயே மோட்டார் படுத்துக்கொண்டது. புகை மிஷினுக்கு அந்தச் சேதி எட்டவில்லை. குபுகுபுவென்று தள்ளிக்கொண்டே இருந்தது. பெட்டிகளில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தலைவர் விசிலை எடுத்து ஊதினார்.

அண்ணி கீழே இறங்கினாள். "ஊதினா நகராது கொழுந்தனாரே. தொப்பியைக் கழட்டி வெச்சுட்டு வந்து தள்ளுங்க."

எல்லார் கண்ணும் தன்மேல் இருந்ததால் தள்ளினான். அண்ணன்காரர் அவனுக்கு முன்பே தோள் கொடுத்திருந்தார்.

அந்த மானக்கேட்டுக்குப் பிறகுதான் சங்கம் பழைய பிட்டர்களைத் தேடிப் பிடித்துப் பாய்லரைச் சரிசெய்தது. கணவர் யாரும் கூப்பிடாமலே போய்ச் சேர்ந்துகொண்டார். ஏமாளியும் எத்தனுமாகச் சேர்ந்து இதையும் பழைய இரும்பாக்கிவிடுவார்கள் என்று அண்ணி டிக்கெட் ஜன்னலில் போய் உட்கார்ந்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நிஜ நீராவியில் ஓடுகிறது. லைனைக் காப்பாற்றிய கதையை வந்தவர்களிடம் கொழுந்தன் அளக்கத் தொடங்கினால், அவள் ஜன்னல் கதவைப் படாரென்று சாத்துவாள்.