ஒரே சாமி, இரண்டு படை

1. தலைப்பு வரி

கோவில்பட்டியில் நான் கம்போஸிட்டராக இருந்த அச்சாபீஸில் வருஷம் முழுக்கத் தீப்பெட்டி லேபிள் ஓடும். முகூர்த்த மாதம் வந்தால் லேபிளை ஓரம் கட்டிவிட்டுக் கல்யாணப் பத்திரிகை. எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம், காலையில் கடம்பூர்ப் பக்கத்திலிருந்து ராமையா வந்து மகள் கல்யாணத்துக்கு வாசகம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் திரும்புவதற்குள் மாப்பிள்ளையின் அப்பா குருசாமி விளாத்திகுளம் பஸ்ஸில் வந்து இறங்கித் தன் வீட்டு வாசகத்தைக் கொடுத்தார். இரண்டிலும் முதல் வரி ஒன்றுதான்: 'வல்லயக்காரச் சாமி துணை.'

வல்லயம் என்றால் ஈட்டி. ஊருக்கு ஊர் இருக்கிற பேர் இல்லை அது. எழுத்துக் கோக்கிற கை நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, பொண்ணு வீட்டுக்காரவியளும் இதே சாமியத்தான் போடச் சொல்லியிருக்காவ. ரெண்டு பேருக்கும் ஒரே குலதெய்வமா?" என்று கேட்டேன்.

குருசாமிக்கு முகம் கறுத்துவிட்டது. ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பெண் மாப்பிள்ளைக்குத் தங்கச்சி முறை. அதே நேரம் டீ குடித்துவிட்டு ராமையாவும் உள்ளே வந்தார்.

"அதெப்படி ஒண்ணாவும்? எங்க சாமி வெள்ளக்காரக் கும்பினிக்காரனை எதுத்து நின்னு செத்தவரு" என்றார் குருசாமி.

"எங்க சாமி எங்க பாளையத்து ராசாவுக்காகப் போனவரு."

"ஒங்க ராசா கும்பினிக்காரன் பக்கம்லா நின்னாரு! எங்க ஊரக் கொளுத்த வந்த கூட்டம்!"

அந்தக் காலத்துப் பாளையக்காரர் சண்டையில் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களே எதிரெதிராக நின்று வெட்டிக்கொண்டார்கள். அந்தச் சண்டை எங்கள் அச்சாபீஸ் வாசலில் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. கத்தி முடித்ததும் ராமையா என் பக்கம் திரும்பினார். "பத்த வச்சது நீருதான். ரெண்டு கோயிலையும் நேர்ல போய்ப் பாத்துருவோம். நீரும் வாரும்."

முதலாளி என் காதோரம் வந்து, "போயிட்டு வாரும். ரெண்டு ஆர்டரும் கையவிட்டுப் போயிரப்பிடாது" என்றார்.

2. மடங்கின காது

மறுநாள் முதலில் ராமையாவின் ஊருக்குப் போனோம். பருத்திக்காட்டு நடுவில் ஒரு கல். அதில் வல்லயத்தை இடது கையில் பிடித்த ஒரு ஆள், காலடியில் ஒரு நாய். நாய்க்கு ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருந்தது. சண்டைக்குப் போனவர் திரும்பி வரவில்லை, அதனால் மகன்மார் கல் நட்டுக் கும்பிட்டார்கள் என்றார் ராமையா. குருசாமி குனிந்து அந்த மடங்கின காதை விரலால் தடவிப் பார்த்தார்.

கிளம்பும்போது மணப்பெண் ராஜேஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏட்டி, நீ எங்கன வார?"

"நிக்கப் போறது என் கல்யாணம்லாப்பா? நானும் வாரேன்."

மாப்பிள்ளை செல்வமும் எங்களோடுதான் இருந்தான். மில்லில் வேலை, கூச்ச சுபாவம். அவளை எந்த முறையில் பார்ப்பது என்று தெரியாமல், பஸ்ஸில் வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே கரிசல் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தான்.

விளாத்திகுளம் தாண்டி குருசாமியின் ஊரில் கோயில் சின்னதுதான். பூசாரி திரையை விலக்கினார். இடது கை வல்லயம். காலடியில் நாய். ஒரு காது மடக்கம்.

"ஆளும் கட்சி மாறியிருக்காரு, நாயும் கூடவே மாறியிருக்கு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. குருசாமி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "சம்மந்தின்னு நெனச்சேன். பங்காளியால்லா போயிட்டீரு" என்றார். ராமையா துண்டால் கண்ணைத் துடைத்தார். செல்வத்தின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

ராஜேஸ்வரி மட்டும் கல்லை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாமிக்குப் பக்கத்தில் இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் உருவம் இருந்தது.

"இந்த அம்மா யாரு?"

"சாமி பொண்டாட்டி" என்றார் குருசாமி.

பூசாரி பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என்ன பேச்சு பேசுதீய! அவ சாமி பெத்த மக. மேற்க கடம்பூர்ப் பக்கமிருந்து நம்ம ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ. கும்பினிப் பட்டாளத்தோட வந்தவரு, கொளுத்தப் போறது மக இருக்க ஊருன்னு தெரிஞ்சதும் அந்தப் பக்கத்த விட்டுட்டு இந்தப் பக்கம் ஓடி வந்து மக வாசல்ல நின்னுருக்காரு. வந்தவனை எல்லாம் வெட்டி, அங்கனயே செத்தாரு. வருசா வருசம் கோயில் கொடைத் திருவிழாவுல இதத்தான பாடுதோம்? நீங்க கறி வேகுற நேரம் பாத்துல்லா வந்து சேருதீய!"

ராமையா விரல் விட்டு முறை பார்க்க ஆரம்பித்தார். "நாங்க மகன் வழி. நீங்க மக வழி. அப்பம்…"

"அப்பம் அவிய எனக்கு அத்த மகன்" என்று ராஜேஸ்வரி முடித்து வைத்தாள். செல்வம் அன்றைக்கு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான்.

"எந்திரிங்க மச்சான்!" என்று ராமையா குருசாமியைக் கைகொடுத்துத் தூக்கினார்.

3. கல்யாணத்துக்குப் பிறகு

இரண்டு பத்திரிகையும் எங்கள் அச்சாபீஸிலேயே அடித்தோம். பந்தியில் இரண்டு மச்சான்களும் சாமி முதலில் நின்ற பக்கம் சரியா, பிறகு நின்ற பக்கம் சரியா என்று மறுபடியும் மல்லுக்கட்டினார்கள். வெயில் தாழ்ந்தும் அது முடியவில்லை.

அச்சுத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். மனசில் ஒன்று இடறினால் மிஷின் ஓடுமுன் கேட்டுவிடுங்கள். கேட்டால் பதில் கிடைக்கிற வரைக்கும் கூடவே போங்கள். முதல் கல்லைப் பார்த்ததோடு நாங்கள் திரும்பியிருந்தால், ராஜேஸ்வரி அந்த இடுப்புப் பிள்ளைக்காரியைப் பார்த்திருக்கவே மாட்டாள்.