சுண்ணாம்புக் கோடு

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் ஆபீசர்ஸ் கிளப்பில் என் அப்பா மார்க்கர். மண் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, சாயங்காலம் ஆபீசர்களோடு பந்தடிப்பது அவர் வேலை. ஏழு வருஷம் நான் டென்னிஸ் ஆடிச் சாப்பிட்டேன் என்றால் அது அங்கே ஆரம்பித்ததுதான். அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. காரணம் ஒரே ஒரு பந்து.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தக் கோர்ட்டிலேயே ஒரு போட்டியின் தகுதிச் சுற்று நடந்தது. அதற்கெல்லாம் அம்பயர் கிடையாது. அவரவர் பக்கம் விழும் பந்தை உள்ளே, வெளியே என்று அவரவரே சொல்ல வேண்டும். எதிரில் ஒரு கோயம்புத்தூர்க்காரன். மூன்றாவது செட். இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் அவன் ஜெயித்துவிடுவான். அவன் அடித்த பந்து என் பின்கோட்டில் விழுந்தது. சுண்ணாம்பு பறந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். “அவுட்” என்றேன். தடத்தைப் பார்க்க அவன் வலையருகே வருவதற்குள் ஷூவால் தேய்த்தும்விட்டேன். என்ன திமிர் எனக்கு! அவன் சண்டை போட்டிருந்தால் தேவலை. தன் இடத்துக்குத் திரும்பிப் போனான். அப்புறம் அவனுக்குக் கை ஓடவில்லை, நான் ஜெயித்தேன்.

ஆட்டம் முடிந்ததும் அப்பா கைப்பிடி கிறீச்சிடும் சுண்ணாம்பு வாளியோடு வந்தார். வழக்கமாக முழுக் கோட்டையும் புதிதாகப் போடுவார். அன்று நான் தேய்த்த சாண் அகலத்துக்கு மட்டும் பிரஷ்ஷை வைத்து இழுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு என் ஆட்டம் எதற்கும் அவர் வரவில்லை.

எந்த ஊரில் ஆடினாலும் கோட்டருகே பந்து விழுந்தால் எனக்கு அந்த வாளிக் கைப்பிடியின் சத்தம் கேட்கும். பயந்துபோய்ச் சந்தேகமான பந்தையெல்லாம் எதிராளிக்கே கொடுத்தேன். தோற்றுத் தோற்று ஊர் வந்து சேர்ந்தேன். கையில ஆட்டம் கீது, மனசுல தில்லு இல்ல என்றார்கள் தோஸ்துகள். அவர்களுக்கு என்ன தெரியும்.

அப்பா படுக்கையில் விழுந்தபோது திருவொற்றியூர் வீட்டில் நான்தான் கஞ்சி ஊட்டினேன். ஒரு நாள் ஸ்பூனைப் பிடித்து நிறுத்தினார்.

“அன்னிக்கி அந்த பந்து உள்ளதான வுய்ந்துச்சி?”

இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை வருஷமாகக் காத்திருந்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“இல்ல நைனா, வெளிய.”

வாய் தானாகச் சொன்னது. பாவி நான். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வாய்க் கஞ்சியை வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

மூலக்கொத்தளம் இடுகாட்டில் எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். குழியை மூடியதும் ஈர மண்ணில் யாருடைய செருப்புத் தடமோ பதிந்திருந்தது. யாரும் பார்ப்பதற்குள் என் வலது கால் போய் அதைத் தேய்த்துவிட்டது.