உடம்பெல்லாம் பேண்டேஜ் துணி

கல்யாண நாளுக்கென்று மகள் எங்கள் இருவரையும் ஒரு கடற்கரை ரிசார்ட்டுக்கு அனுப்பிவைத்தாள். போன முதல் காலையே அந்தக் காட்சி. கழுத்திலிருந்து கணுக்கால்வரை பேண்டேஜ் துணி சுற்றிய ஒரு பெண்மணி, இளநீர் குடித்தபடி மணலில் நடந்து போனார். இவ்வளவு காயத்தோடு கடற்கரையில் என்ன வேலை என்று எனக்குக் கோபமே வந்தது.

"ஏங்க, பெரிய ஆக்ஸிடெண்ட் போல. பாவம், எப்பிடி நடக்காவ பாருங்க" என்றாள் என் மனைவி.

நாங்கள் இருவருமே இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். நாளெல்லாம் மடித்துக் கட்டுகிற துணி எங்களுக்குத் தெரியாதா? என் மனைவி நீட்டிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வாயில் போட்டபடி, பக்கத்து அறைக்காரர்தான் அது நீச்சல் உடைக்கு மேலே போடுகிற ஃபேஷன் என்று விளக்கினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவளுக்குச் சுத்தமாக வரவில்லை.

மறுநாள் அந்தப் பெண்மணி அதே உடையோடு பாறையில் வழுக்கி விழுந்தார். காலில் ரத்தம் கொட்டியது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவர் முதலுதவிப் பெட்டி கேட்டு ஓடினார். நான் தடுப்பதற்குள் என் மனைவி குனிந்து, அந்த உடையின் ஓரத்தைப் பிடித்துச் சர்ரென்று கிழித்து, காயத்தில் கச்சிதமாகக் கட்டி முடித்துவிட்டாள்.

அப்போதுதான் அந்தப் பெண்மணி அலறினார். ரிசார்ட்டே திரும்பிப் பார்த்தது.

என் மனைவி மிரண்டுபோய் என்னிடம் கேட்டாள். "பொறவு எதுக்குங்க இதச் சுத்திக்கிட்டு வந்தாவ?"